கடைசிப் பதினாறு பக்கங்கள்

புத்தகத்தின் ஓரத்தை மடித்து அடையாளம் வைப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுபவர்களையும்தான். இருபத்தோரு வருடமாக நான் பார்த்துக்கொண்ட பள்ளி நூலகத்தில் ஓரம் மடிந்த பக்கம் ஒன்றுகூடக் கிடையாது. நீங்கள் ஆய்வுக்கு வந்த அன்று அதைக் கவனித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன், அம்மா. விசாரணை அதிகாரி என்ற முறையில் நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஒளிப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

போன வருடம் ஜூலையில் எங்கள் தலைமை ஆசிரியர் திருஞானசம்பந்தம் ஐயா ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஒவ்வொரு பிள்ளையும் தான் ரசித்த நாவலைப் பற்றிச் சீட்டு எழுதி என்னிடம் தர வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் மூன்று பேர் காலைப் பிரேயரில் மேடையேறி அதை மற்றவர்களுக்குப் பரிந்துரைக்க வேண்டும். வருடக் கடைசியில் சீட்டுகளைத் தொகுத்து அச்சிட்டு மாவட்டத்துக்கு அனுப்பினால், வாசிப்பில் சிறந்த பள்ளி என்று கேடயம் தருவார்கள். கேடயத்தை எந்த அலமாரியில் வைப்பது என்று ஐயா ஆகஸ்டிலேயே முடிவு செய்துவிட்டார்.

சீட்டுகள் வந்து குவிந்தன. படிக்கப் படிக்க எனக்கு வயிறு எரிந்தது. இந்நாவல் மிக அருமை, ஆசிரியர் சிறப்பாக எழுதியுள்ளார், அனைவரும் படித்துப் பயன்பெற வேண்டும் என்று ஒரே வாசகம், நாற்பது கையெழுத்தில். முத்துக்குமார் என்ற பையன் கதாநாயகனின் பெயர் என்று பதிப்பாளரின் பெயரை எழுதியிருந்தான். அவர் கடைசிவரை நேர்மையாக வாழ்ந்தார் என்று வேறு சேர்த்திருந்தான். மொஹசின் பரிந்துரைத்தது மோட்டார் பம்ப் பழுது பார்க்கும் கையேடு. அதில் குடும்பப் பாசம் உருக்கமாக இருந்ததாம். ஐயாவிடம் காட்டினேன். பிள்ளைகள் ஆர்வமாக எழுதுகிறார்கள், நீங்கள் ஏன் சார் குறை கண்டுபிடிக்கிறீர்கள் என்றார்.

யார் உண்மையில் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. அதில் தவறில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள். அக்டோபர் முதல் வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு நாவலை எடுத்துக் கடைசிப் பதினாறு பக்கங்களைப் புது பிளேடால் தையலை ஒட்டி வெட்டினேன். இரும்பு ஸ்கேல் வைத்துத்தான் வெட்டினேன். கிழித்தேன் என்று உங்கள் குறிப்பாணையில் இருக்கிறது. அந்தச் சொல்லை மட்டும் மாற்றிவிட்டால் நல்லது. நான் எதையும் கிழிப்பவன் அல்ல.

படித்தவன் வந்து கடைசி காணோம் என்று சொல்லியாக வேண்டும். படிக்காதவன் சொல்ல மாட்டான். இவ்வளவுதான் பரீட்சை. இரண்டே வாரத்தில் அந்த நாவலுக்கு ஐந்து சீட்டுகள் வந்தன. ஐந்திலும் முடிவு பிரமாதம். ஒருத்தி முடிவைப் படித்துவிட்டு இரவு முழுக்கத் தூங்கவில்லையாம். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அடுத்த நாவலை எடுத்தேன். பிறகு அதற்கடுத்தது. பொங்கல் விடுமுறைக்குள் நாவல் அலமாரிகள் நான்கையும் முடித்துவிட்டேன். தமிழாசிரியை மஹாலட்சுமி அம்மாகூட ஒரு புத்தகத்தை வாங்கிப்போய் இரண்டே நாளில் திருப்பித் தந்து, முடிவை வாசகரின் கற்பனைக்கு விட்டிருப்பது நவீன உத்தி என்றார். நான் பவ்யமாகத் தலையாட்டினேன்.

வெட்டிய பக்கங்களை வீட்டில் பீரோவின் கீழ்த்தட்டில், நாவல் வாரியாக நூல் கட்டி வைத்திருக்கிறேன். ஒன்றுகூடக் கசங்கவில்லை.

ஜனவரி கடைசியில் சங்கரி வந்தாள். பிளஸ் ஒன் மாணவி. அவள் அப்பா குமரகுரு பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறவர். அதுவரை அவள் நூலகத்தில் கதைப் புத்தகம் எடுத்ததில்லை. பச்சை அட்டை போட்ட ஒரு தடித்த நாவலை எடுத்துப்போனவள் நான்காம் நாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“சார், இதுல கடைசி இல்ல சார். நான் பாட்டுக்குப் படிச்சிக்கினே வரேன், திடீர்னு அட்டை வந்துடுது.”

அச்சுக்கோளாறாக இருக்கும் என்றேன். வேறொன்றை எடுத்துப்போனாள். மூன்று நாளில் அதையும் கொண்டுவந்து, இதிலும் இல்லை என்றாள். அப்படியே ஒரு மாதத்தில் ஒன்பது நாவல்கள். ஒன்பதிலும் அச்சுக்கோளாறு என்று சொல்ல எனக்கே ஒரு மாதிரி இருந்தது. நான் தேடிய வாசகி கிடைத்துவிட்டாள் என்பதை நான் மறுக்கவில்லை, அம்மா. முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகளில் ஒருத்தி. என் பரீட்சை வேலை செய்தது.

பிரச்சினை அவள் எழுதிய சீட்டில்தான் வந்தது. பச்சை அட்டை நாவலின் நாயகி கோமளா. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த தங்கையை ஊர் ஊராகத் தேடிப்போகிறாள். இதெல்லாம் சங்கரியின் சீட்டிலிருந்து நான் தெரிந்துகொண்டதுதான். அவள் எழுதியிருந்தாள்: “எல்லோரும் இதைப் படியுங்கள். கோமளா பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில் எனக்கும் பசித்தது. ஆனால் கடைசி அத்தியாயம் இல்லை. நம் நூலகத்தில் நான் எடுத்த எந்த நாவலிலும் இல்லை. உங்களுக்குத் தெரிந்தால் வந்து சொல்லுங்கள்.” அந்த வார வெள்ளிக்கிழமை கேடயக் குழு பள்ளிக்கு வருவதாக இருந்தது. அன்று மேடையில் இதைப் படிக்கப்போவதாகச் சொன்னாள்.

இந்த இடத்தில் என் நிலைமையை நீங்கள் யோசித்துப்பார்க்க வேண்டும். தொகுப்பு அச்சாகி வந்துவிட்டது. அதில் முடிவைப் பாராட்டியவர்கள் மட்டும் இருநூறு பேருக்கு மேல். மஹாலட்சுமி அம்மாவின் முன்னுரை வேறு. ஒரு பெண் எழுந்து இல்லை என்று சொன்னால் இத்தனை பேர் முகத்தில் கரி பூசியதாகிவிடும். நான் புதன்கிழமை காலை ஐயாவின் அறைக்குப் போய், ஒரு மாணவி நாவல்களைச் சேதப்படுத்துகிறாள் என்று சொன்னேன்.

ஐயாவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. ஆதாரம் கேட்டார். அது தானாகவே அமைந்தது. சங்கரிக்கு முன் அதே ஒன்பது நாவல்களை எடுத்த பிள்ளைகளின் சீட்டுகளை அவர் முன் பரப்பினேன். எல்லோரும் முடிவைப் படித்து ரசித்திருக்கிறார்கள். ஆகவே அப்போது முடிவு இருந்திருக்கிறது. சங்கரி கைக்குப் போனபின் இல்லை. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இவ்வளவு தெளிவான வழக்கைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார்.

அவளை அழைத்தார்கள். பச்சை அட்டை நாவலுக்கு முன்பே சீட்டு எழுதிய சந்தியாவையும் தீபிகாவையும் அழைத்தார்கள். முடிவைப் படித்தோம் என்று இருவரும் சத்தியம் செய்தார்கள். சங்கரி அவர்கள் பக்கம் திரும்பினாள்.

“அப்டின்னா சொல்லுங்கப்பா. கோமளா அவ தங்கச்சிய பாத்தாளா, இல்லயா?”

பார்த்தாள், இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்றாள் சந்தியா. தங்கை போன வருடமே இறந்துபோனதாகத் தெரியவந்தது என்றாள் தீபிகா. எனக்கு ஒரு கணம் வியர்த்துவிட்டது. ஐயா புன்னகையோடு, இலக்கியம் என்றால் அப்படித்தான், ஒவ்வொருவர் பார்வையும் ஒவ்வொன்று என்றார். உடனிருந்த மஹாலட்சுமி அம்மா அதை ஆமோதித்தார்.

மன்னிப்புக் கடிதம் எழுதினால் போதும் என்றுதான் ஐயா சொன்னார். அவர் நல்ல மனிதர். எழுத மாட்டேன் என்றவள் அவள்தான். மறுநாள் குமரகுரு, தறியிலிருந்து எழுந்து அப்படியே வந்தவர்போல, சட்டையில் ஜரிகைத் துணுக்கு ஒட்டியிருக்க வந்து நின்றார். கடிதம் கொடுங்கள், இல்லாவிட்டால் பெண்ணைக் கூட்டிப்போங்கள் என்று அவரிடம் எடுத்துச் சொன்னோம்.

“அவ கிழிக்கலன்னு சொல்றா சார். கிழிக்கலன்னா கிழிக்கலதான். டிசிய குடுத்துடுங்க.”

பிளஸ் ஒன்னில், வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, வீம்புக்கு டிசி வாங்குகிற தகப்பனை என்ன சொல்வது. வெள்ளிக்கிழமை விழா நன்றாக நடந்தது. சங்கரியின் இடத்தில் மொஹசின் பேசினான். கேடயம் வந்தது.

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். ஜூனில் புது நாவல்கள் இரண்டு பெட்டி வந்தன. புதுப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். அவர்களில் யார் படிக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வேலையை ஒழுங்காகத்தான் செய்துவந்தேன். ஆய்வுக்கு வருகிற அதிகாரி ஒரு நாவலை இரவல் கேட்பார் என்றோ, வாலாஜாபாத் போகிற பஸ்ஸில் அதைக் கடைசிவரை படிப்பார் என்றோ நான் எதிர்பார்க்கவில்லை. இதற்குமுன் வந்த அதிகாரிகள் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போவார்கள்.

ஒரு விஷயம் நீங்கள் கேட்கவில்லை. என் தரப்புக்குச் சாதகமானது என்பதால் நானே எழுதுகிறேன். சென்ற மாதம் மகள் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்கக் காந்தி ரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். புடவை விரித்துக் காட்ட வந்த பெண் சங்கரி. யூனிஃபார்ம் சேலை, தலையில் பூ. வேறு பள்ளியில் சேரவில்லையா என்று கேட்டேன். டிசியில் நடத்தை என்ற இடத்தில் ஐயா எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு இரண்டு பள்ளிகளில் இடமில்லை என்றுவிட்டார்களாம். கோபமாகச் சொல்லவில்லை. என் மனைவிக்கு மாம்பழக் கலரில் ஒன்றும் மயில் கழுத்துக் கலரில் ஒன்றும் எடுத்துப் போட்டாள். மனைவி முந்தானையை வெளிச்சத்தில் பார்க்க வாசல் பக்கம் போனபோது, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டாள்.

“பக்கமெல்லாம் உங்க கிட்டதான் இருக்குதுன்னு எனக்குத் தெரியும் சார். நான் யார் கிட்டயும் சொல்லல. கோமளா அவ தங்கச்சிய பாத்தாளா, இல்லயா? அத மட்டும் சொல்லிடுங்க.”

“பாத்துட்டாம்மா.”

“எங்க சார்?”

“கோயில்ல. குளத்தாண்ட.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கண் கலங்கியிருந்ததுபோலத் தெரிந்தது. பிறகு, மயில் கழுத்து அம்மாவுக்கு எடுப்பா இருக்கும் சார் என்றாள். அதையே எடுத்தோம். அந்தப் பெண்ணுக்கு நிம்மதி தந்தேன் என்ற நிறைவு எனக்கு உண்டு. அதையும் கோப்பில் பதிவு செய்துகொள்ளும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அந்த நாவலில் உண்மையாகவே அப்படித்தான் முடிகிறதா என்று நீங்கள் கேட்கக்கூடும். பீரோவில் உள்ள கட்டுகளை நாளை ஒப்படைக்கிறேன், பார்த்துக்கொள்ளலாம். எனக்குத் தெரியாது, அம்மா. நாவல் படிக்கிற பழக்கம் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை.