இருபத்து மூணாவது வரி

இல்ல, நீங்க எந்திரிக்க வேணாம். இந்தப் பெஞ்சுல ரெண்டு பேருக்கு இடமிருக்கு. விசாரணைக்கு உள்ள கூப்பிட இன்னும் அரை மணி நேரமாவது ஆகும், மேனேஜரே இன்னும் வரல. நான் இப்படி ஓரமா உக்காந்துக்குறேன். உங்களுக்குப் பேச இஷ்டமில்லேன்னா பேசாதீங்க, நான் பேசுறேன். மொதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், அந்த மலை மேல நான் இல்ல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சைக்கிள்ல வந்த அந்தப் பல் டாக்டர் சொன்னது, எங்கண்ணன் சொன்னது, மத்தவங்க சொன்னதுல மிச்சம் மீதி. எங்கயாவது தப்பா சொன்னா திருத்துங்க, சார்.

என்ன பாக்குறீங்க? சார்னு கூப்பிட்டதா? போன மாசம் வரைக்கும் உங்களை வாய் நெறைய டிரைவர் அண்ணேன்னுதான் கூப்பிட்டேன். இப்ப வரல. வீம்புக்குச் செய்யல, நெஜமாவே வரல.

எங்கண்ணனை இந்த வேலையில சேத்துவிட்டது நான்தான், அது உங்களுக்கே தெரியும். எங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச மொத ஆளு நான். எனக்கு இந்த ஆபீஸ்ல பிரிண்டருக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி கெடச்சு ரெண்டு மாசம்கூட ஆகல, பன்னண்டு நாள் சைக்கிள் பயணத்துக்குக் கடைசி ஆளா ஒருத்தர் வேணும்னு மேனேஜர் சொன்னாரு. எங்கண்ணன் இருக்கான் சார், பதினாறு வயசுலேர்ந்து சைக்கிள் கடையிலதான் கெடக்குறான்னு சொன்னேன். அவன்கிட்ட வந்து வேலையைச் சொன்னா சிரிக்கிறான். எல்லாருக்கும் பின்னாடி வரணும், யாரையும் முந்தக் கூடாது, அதுக்குச் சம்பளமா? பள்ளிக்கூடத்துல நான் இதைச் சும்மாவே செஞ்சேனேன்னான்.

அப்படித்தான் ஆறு நாள் வந்தான். யாரு கடைசியோ அவங்களுக்குப் பின்னாடி. சங்கிலி கழண்டா மாட்டிவிட்டு, டியூப் போனா ஒட்டிவிட்டு. உங்க வேன் கதவு சரியா சாத்தலேன்னு அதையும் அவன்தான் சரி பண்ணினானாமே. ஆமான்னு தலையாட்டுறீங்க. நல்லது.

ஏழாவது நாளுக்கு வாங்க. இருபத்தெட்டு கிலோமீட்டர் ஏத்தம், முப்பத்தொரு வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் ஒரு கல்லு, கல்லுல நம்பர். பாதிக்கு மேல போனா காத்து மூஞ்சியில அறையுது, ஆனா நெஞ்சுக்குள்ள மட்டும் போக மாட்டேங்குதுன்னு பல் டாக்டர் சொன்னாரு. இருக்குறதுலயே சின்ன கியரைப் போட்டு நாலு மிதி, ஒரு மூச்சு. மறுபடி நாலு மிதி. பக்கத்துல ஒரு ஆடு நடந்து போச்சாம், அது இவரை முந்திடுச்சாம். அவ்ளோ மெதுவா போனாலும் சட்டையைப் பிழிஞ்சா தண்ணி ஊத்துற மாதிரி வேர்வை. அதனாலதான குளிருக்குப் போடுற கோட்டுகளையெல்லாம் உங்க வேன்ல ஏத்தி மொதல்ல மேல அனுப்புறோம். உச்சிக்கு வர்றவங்க பேருக்கு நேரா நீங்க டிக் போடணும், கோட்டை எடுத்துக் குடுக்கணும், அவங்க மாட்டிக்கிட்டு, பிரேக் கட்டையைப் பாத்துக்கிட்டு அந்தப் பக்கம் எறங்கணும். எல்லாரும் வந்ததும் நீங்க பின்னாலேயே எறங்கணும். இதுதான முறை?

பத்தொம்பதாவது வளைவுல பல் டாக்டரோட பின்சக்கரத்துல கம்பி வரிசையா ஒடைஞ்சு போச்சு. சக்கரம் வளைஞ்சு தட்டுது. அவரு கல்லு மேல உக்காந்து அழுதாராம். அம்பத்திரெண்டு வயசு மனுஷன், அழுதேன்னு அவரே என்கிட்ட சொன்னாரு, பாவம், மறைக்கல. எங்கண்ணன் என்ன செஞ்சான், தன் சைக்கிள்லேர்ந்து பின்சக்கரத்தைக் கழட்டி அவருக்கு மாட்டிவிட்டான். மேகம் எறங்குது, நீங்க போங்க டாக்டர், நான் இந்தச் சக்கரத்தை நிமித்திக்கிட்டு வர்றேன், மேல டிரைவர் அண்ணன் இருப்பாருன்னான்.

டிரைவர் அண்ணன் இருப்பாரு. அப்படியேதான் சொல்லியிருக்கான்.

பல் டாக்டர் மேல வந்தப்ப மணி மூணு. என்ன? மூணேகாலா? சரி, மூணேகால். ஆலங்கட்டி மாதிரி ஏதோ விழ ஆரம்பிச்சிருச்சு. அவருக்கு ஒதறல், பேச்சே வரல. எங்கண்ணன் பின்னாடி இருக்கான்னு உங்ககிட்ட சொன்னாரான்னு அவர்கிட்ட நாலு தடவை கேட்டேன். சொல்லணும்னு நெனச்சது ஞாபகமிருக்கு, சொன்னது ஞாபகமில்லேன்னாரு. அதனால அதை உங்க மேல போடல. புகாரை நான் பாத்துப் பாத்துத்தான் எழுதியிருக்கேன். ஆனா நீங்க பேர்ப் பட்டியல் மாட்டின அட்டையைப் பாத்து, இருபத்திரெண்டு பேருக்கும் டிக் விழுந்தாச்சுன்னு வண்டியை எடுத்துட்டீங்க.

அதேதான் சொல்றீங்க. முந்தாநாளும் இதையேதான் சொன்னீங்க. பட்டியல்ல இருபத்திரெண்டு பேருதான் இருந்துச்சு, ஒரே தாள்தான் இருந்துச்சு. சரி, இருக்கட்டும். பட்டியல்ல இல்லேன்னா ஆளே இல்லையா? காலையில அவன் ஊத்திக் குடுத்த டீயைக் குடிச்சிட்டுத்தான வண்டியில ஏறினீங்க? மூடுபனியில எல்லாரும் ஒரே மஞ்சள் சட்டை, முன்னாடியே எறங்கிட்டான்னு நெனச்சேங்குறீங்க. கடைசி ஆளு எப்படிங்க முன்னாடி எறங்குவான்?

அதைக்கூட விடுங்க. கோட்டு. இருபத்திரெண்டு பேரும் மாட்டிக்கிட்டதுக்கப்புறம் வேன்ல ஒரு கோட்டு மிஞ்சிக் கெடந்துச்சுல்ல. அதை எடுத்து மடிச்சு, ஒதறல் நிக்காம வேன்லயே படுத்துக்கிட்டு வந்த பல் டாக்டர் தலைக்கு அண்டை குடுத்தீங்களாம். நல்லா மெத்துன்னு இருந்துச்சுன்னு அவரே சொன்னாரு, சொல்லிட்டு மூஞ்சியை மூடிக்கிட்டாரு. உபரிக் கோட்டுன்னு நெனச்சீங்களா? இந்த ஆபீஸ்ல ஒரு பக்கம் அச்சான தாளைக்கூடத் தூக்கிப் போட விடமாட்டாங்க, உபரியா ஒரு கோட்டு வாங்கிக் குடுப்பாங்களா?

அவன் அந்தக் கோணல் சக்கரத்தை மாட்டி, பாதி தள்ளி, பாதி தூக்கி, பன்னண்டு வளைவு நடந்தான். வேர்வையில ஊறின சட்டையோட. அஞ்சரை மணிக்கு மேல வந்து பாத்தா வேன் இல்ல, கோட்டு இல்ல, டீக்கடை பூட்டியிருக்கு, போன்ல சிக்னலும் இல்ல. குப்பைக் கூடையில கெடந்த பேப்பரையெல்லாம் எடுத்துச் சட்டைக்குள்ள திணிச்சுக்கிட்டு கடைக்குப் பின்பக்கமா சுருண்டு உக்காந்துட்டான். ஷூ நனைஞ்சிருந்துச்சு, அதுதான் வெனையாப் போச்சு.

கீழ எட்டு மணி வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியல. இருபத்திரெண்டு தட்டு, இருபத்திரெண்டு பேரு, கணக்கு சரி. யாரோ ஒருத்தருக்குப் பங்க்சர் ஒட்டணும்னு ஆளைத் தேடினப்பதான் ஆளைக் காணோம்னே தெரிஞ்சிருக்கு. எனக்கு வயிறு எரியுறது அதுலதான் சார். அவனை யாரும் தேடல. பங்க்சர் ஒட்டுறவனைத்தான் தேடியிருக்காங்க.

அதுக்கப்புறம் நீங்கதான் போனீங்க. அந்த மழையில, அத்தனை வளைவும் ஏறி. வேற யாரும் கூட வரல. அவனைத் தூக்கி உங்க சட்டையைக் கழட்டிப் போத்துனீங்க. அதையும் புகார்ல எழுதியிருக்கேன், விடல. படிச்சீங்களா? படிக்கலையா? படிச்சுப் பாருங்க, அதுவும் இருக்கு.

குளிர்ல கருகிப் போச்சுன்னு இடது கால்ல ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. அவன்கிட்டப் போய் நான் அழுதா, மிதிக்கிறதுக்கு முன்பாதம் போதும், விரல் சும்மா வேடிக்கை பாக்க வர்றதுதான்கிறான். உங்களைப் பத்திக் கேட்டான். அந்தாளை ஏன் வாட்டுறே, வேலையை விட்டுத் தூக்கிட்டா அவரு புள்ளைங்க என்ன செய்யும்னான். எனக்கு அவன் மேலயும் கோபம். எல்லாரையும் மன்னிச்சிட்டு இருந்தா நான் யாரைப் போய்க் கேக்குறது?

ஏன்னா அவன் பேரைப் பட்டியல்ல சேத்தது நான். என் கையால. வேலை பாக்குறவங்க பேரெல்லாம் எதுக்குன்னு மேனேஜர் சொன்னாரு. மலையில போற எல்லாரும் ஆளுதான சார்னு சொல்லிச் சேத்தேன். இந்த ஆபீஸ்ல நான் எதுத்துப் பேசின ஒரே தடவை அதுதான். இருபத்து மூணு வரி, கம்ப்யூட்டர்ல இப்பவும் இருக்கு. ஒரு தாள்ல இருபத்திரெண்டு வரிதான் கொள்ளும். அப்ப ரெண்டாவது தாள் ஒண்ணு இருந்தே ஆகணும்ல? உங்க அட்டையில அது இல்ல. அதான் எழுதினேன். தப்பிக்கிறதுக்காக டிரைவர் அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டாருன்னு. மூணு தடவை கையால எழுதிப் பாத்து, அடிச்சுத் திருத்தி, அப்புறம்தான் டைப் அடிச்சேன். ஒரு வார்த்தை தப்பாயிடக் கூடாதுன்னு.

நீங்க கெளம்பின அன்னைக்குக் காலையில ஒரே ஓட்டம். ஞாபகமிருக்கா, ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தீங்க. பிரிண்டர் மெஷின்லேர்ந்து தாளை உருவி, கிளிப் போட்டு, அட்டையை ஜன்னல் வழியா உங்க கையில குடுத்தேன். அந்த மெஷினுக்கு ஒரு பழக்கம், எதை அடிச்சாலும் கடைசியில ஒரு வெத்துத் தாளைத் துப்பும். அதை நான் வீணாக்க மாட்டேன். காலேஜ்ல இருந்தே அப்படித்தான், ரஃப் எழுத ஆகும்னு மடிச்சுப் பையில வெச்சுக்குவேன்.

மேனேஜர் வந்துட்டாரு போல, கதவு தொறக்குற சத்தம். இருங்க, ஒரு நிமிஷம். கையெழுத்துப் பிரதி ஏதாவது இருந்தா அதையும் கொண்டு வான்னு சொன்னாரு. நேத்து பையைக் கொட்டித் தேடினேன்.

இந்தாங்க. பிடிங்க, ஒண்ணும் செய்யாது. இந்தப் பக்கம் உங்க மேல எழுதின புகார், மொத ரஃப். கிழிச்சுப் போட்டுட்டாருன்னு அடிக்கோடு போட்டிருக்கேன் பாருங்க. அந்த ஒரு வரியை உள்ள போனதும் அடிச்சிடுவேன். கோட்டைப் பத்தி எழுதினதை அடிக்க மாட்டேன், அதுல என் கோபம் அப்படியேதான் இருக்கு.

இப்ப திருப்பிப் பாருங்க, அண்ணே. மூலையில பக்கம் ரெண்டுன்னு இருக்கா? கீழ ஒரே ஒரு வரி. நம்பர் இருபத்து மூணு, எங்கண்ணன் பேரு, பக்கத்துல கடைசி ஆள்னு. டிக் போட ஒரு கட்டம், வெறுமையா இருக்கு. அடியில தேதியும் நேரமும் பொடி எழுத்துல இருக்கும், நீங்க கெளம்பின அன்னைக்கு, காலையில ஆறு பத்து. மெஷின்ல பதிவு இருக்கும்ல, இன்னைக்கு எல்லாருக்கும் முன்னாடி வந்து அதையும் பாத்துட்டேன். அந்த நேரத்துல அது அடிச்சது ரெண்டு தாள், நான் உங்க கையில குடுத்தது ஒண்ணு.