மடிப்பு விழாத மூளை

தருமபுரியில் இருந்து மொரப்பூர் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் இளம் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு அஞ்சு மாசம் இருக்கும். மடியில் ஸ்கேன் கவர் இருந்தது. அவன் முகம்தான் வெளுத்துப் போயிருந்தது.

“கொழந்தை மூளையில மடிப்பே இல்லையாம் புள்ள. வழவழன்னு இருக்குதாம்.”

“இந்த மாசத்துல எல்லாக் கொழந்தைக்கும் அப்படித்தான் மாமா. இனிமேதான் நெறைய மடிப்பு விழும்னு நர்சம்மா சொன்னாங்களே.”

“தானா விழும்னு வுட்டுட முடியுமா? என் மூளைய அப்படி வுட்டதாலதான் நான் பத்தாவது மூணு தடவ எழுதுனேன்.”

சொன்னவன் அவள் வயிற்றருகே குனிந்து ஏழாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்துவிட்டான். டிக்கெட் கேட்டு வந்த கண்டக்டரைக் கை காட்டி நிறுத்தினான்.

“ஏழேழு நாப்பத்தொம்பது. ஏழெட்டு அம்பத்தி நாலு.”

“அம்பத்தாறு மாமா! தப்புத் தப்பா மடிப்பு விழப்போவுது.”

சொல்லி முடிப்பதற்குள் அவள் “ஐயோ!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவன் பதறி எழுந்தே விட்டான்.

“என்னாச்சு புள்ள? பஸ்ஸ நிறுத்தச் சொல்லட்டுமா?”

“ஒதைக்குது மாமா. மொத தடவையா ஒதைக்குது.”

அவன் கையை எடுத்து அவளே வயிற்றில் வைத்தாள். அவன் கண் கலங்கியிருந்தது.

“கோவமா இருக்குமோ புள்ள?”

“தெரியல மாமா. எட்டாம் வாய்ப்பாடு மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க.”