பக்கம் புரட்டாமல் படித்த முடிவு

தலைமையேற்றுத் தமிழ் மணக்க அமர்ந்திருக்கும் ஆசிரியை சந்திரகலா அம்மையார் அவர்களே, பத்தாண்டுகளாக இந்த மூலக்குளத்தில் வாடகை நூலகம் நடத்தி, கொடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கேட்கும்போதும் சிரிக்கத் தெரிந்த தம்பி கோபிநாத் அவர்களே, எனக்கு முன்னால் முக்கால் மணி நேரம் முழங்கிய லாஸ்பேட்டைக் கல்லூரிப் பேராசிரியர் பிரேம்குமார் அவர்களே, முன்வரிசையில் கால் நீட்டி அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு வந்திருக்கும் தாய்மார்களே, தங்களை யாரும் பார்க்கவில்லை என்று கடைசி வரிசையில் நம்பிக்கொண்டிருக்கும் காதலர்களே, உங்கள் அனைவருக்கும் வைத்திக்குப்பத்துத் தில்லையம்மாளின் வணக்கம்.

மூன்றாம் வரிசையில், தூணோரம், நீலப் புடவையில் அமர்ந்திருக்கும் செல்வாம்பாளுக்கு மட்டும் நான் வணக்கம் சொல்லவில்லை. கவனித்திருப்பீர்கள். இருபத்தோரு ஆண்டுகளாக அவளோடு நான் பேசுவதில்லை. போன மாதம் அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று மேடை ஏறினேன். அவளுக்கு வணக்கம் உண்டா இல்லையா என்பது முடிவில் தெரியும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘காதல் கதைகளில் கதாநாயகன்’. நான் இரண்டாம் வகுப்புக்கு மேல் படித்தவள் அல்ல. பேருந்தின் பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பேருந்து போய்விடும். ஆனால் என் காதில் விழுந்த கதை எதுவும் இதுவரை கீழே விழுந்ததில்லை. பெண்கள் கதாநாயகனிடம் மயங்குவது அவன் தோளுக்காக, உயரத்துக்காக, காருக்காக என்றார் பேராசிரியர். ஐயா, தோளைப் பார்த்து மயங்குவதென்றால், கட்டுமரம் தள்ளுகிற எங்கள் கரையில் நான் தினமும் ஐம்பது பேரிடம் மயங்கியிருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் எழுந்து பார்க்கிறார். உட்காருங்கள், உங்கள் முறை வரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது. மீன் விற்றுத் திரும்பிய மத்தியானங்களில், கரையேற்றிய படகின் நிழலில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் உட்காருவோம். எட்டாவது வரை படித்தவள் செல்வாம்பாள் ஒருத்திதான். வார இதழில் வரும் தொடர்கதையை அவள் படிப்பாள், நாங்கள் கேட்போம். அந்தக் கதையின் பெயரைச் சொல்ல மாட்டேன். எழுதியவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கதையில் வித்யாவதி என்று ஒருத்தி. அவளை விரும்பியவர்கள் இருவர். ஒருவன் சுதாகர்: கோட்டு, கார், வெளிநாட்டு வேலை. இன்னொருவன் முகுந்தன்: குமாஸ்தா, கிழிந்த குடை, வாயைத் திறந்தால் வார்த்தை வராது. முப்பத்தெட்டு வாரம் எங்களை இந்த மூவரும் படுத்திய பாடு கொஞ்சமா? உலையில் அரிசி போட மறந்தோம். உப்பை இருமுறை போட்டோம்.

“காரு வச்சிருக்கறவன உட்டுட்டு எவளாவது குடைக்காரன் பின்னாடி போவாளா, போங்கடி” என்பாள் கொளஞ்சி.

“வாய மூடிட்டுக் கேளுடி. இன்னும் கத முடியல” என்பாள் செல்வாம்பாள்.

அதே நாட்களில் என்னைப் பெண் கேட்டு இரண்டு வீட்டார் வந்தார்கள். ஒரு வீட்டு மாப்பிள்ளை சொல்தா ராமலிங்கம். இங்கே இளையவர்கள் இருக்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர்களை பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில் சொல்தா என்போம். மூன்று மாத விடுப்பில் வந்திருந்தார். சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்றவில்லை. அவரைக் கட்டினால் சீமைப் பயணம். இன்னொருவர் என் அத்தை மகன் கண்ணையன். கையில் துடுப்பு, வாயில் மௌனம்.

“ரெண்டு பக்கமும் கேக்கறாங்க. வாழப்போறவ நீ. யாருன்னு நீயே சொல்லு” என்றாள் அம்மா.

அந்தக் காலத்தில் எந்தத் தாய் அப்படிக் கேட்டாள்? அப்படிக் கேட்டதாலேயே நான் தவித்தேன். தூக்கம் போனது. சோறு இறங்கவில்லை. கடைசியில் செல்வாம்பாளை அலையோரம் அழைத்துப்போய் ஒரு சேதி சொன்னேன்.

“செல்வா, அடுத்த வாரம் கத முடியுதில்ல? வித்யாவதி எவனக் கட்டிக்கிறாளோ, அவன் மாதிரி ஆளையே நானும் கட்டிக்கிறேன்.”

“கிறுக்காடி உனக்கு? யாரோ எழுதற கதைய நம்பியா தாலி கட்டிக்கப் போற?”

“யாரோ எழுதலாம். படிக்கறது நீதான?”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஜாதகத்தை நம்பினீர்கள், நான் தொடர்கதையை நம்பினேன்.

கடைசி வாரம் வந்தது. எல்லாரும் கூடினோம். செல்வாம்பாள் படித்தாள். மழை கொட்டுகிறது. காரிலிருந்து இறங்குகிறாள் வித்யாவதி. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு ஓடுகிறாள். அங்கே கிழிந்த குடையோடு நிற்கிறான் முகுந்தன். “குடையை மடியுங்கள். இருவரும் நனைந்தே போவோம்” என்கிறாள். செல்வாம்பாளின் குரல் அந்த இடத்தில் தழுதழுத்தது. கொளஞ்சியே மூக்கைச் சிந்தினாள். அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன்: “கண்ணையன் மாமா.”

நிமிர்ந்து உட்காருங்கள் மாமா, எல்லாரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள்.

பெண் கேட்டு வந்த சொல்தா வீட்டார் வெறுங்கையோடு போவார்களா? நாலாவது வீடு செல்வாம்பாள் வீடு. அவள் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. அவள் அப்பா தலையசைத்தார், கல்யாணம் முடிந்தது. பிரான்சு தேசம் போனாள் என் தோழி. பதினைந்து ஆண்டுகள் போயின.

எண்பத்தைந்தில் அவள் ஊர் திரும்பினாள். அதே மாதம் அந்தத் தொடர்கதை புத்தகமாக வந்தது. என் மகள் அமுதவல்லியை விட்டுப் படிக்கச் சொன்னேன். கடைசிப் பக்கம் வந்தது. மழை இல்லை. குடை இல்லை. வித்யாவதி சுதாகரோடு விமானம் ஏறுகிறாள். முகுந்தன் தூரத்தில் நின்று கைக்குட்டையை ஆட்டுகிறான். கைக்குட்டை ஆட்டவா ஐயா முப்பத்தெட்டு வாரம் அவனை வளர்த்தீர்?

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அன்று படகு நிழலில் அவள் கடைசிப் பக்கத்தைப் புரட்டவேயில்லை. காற்றில் தாள் எழுந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எழுதாத முடிவைப் படித்தாள். கோட்டுக்காரர்மேல் இவளுக்கே ஆசை; எனக்கு முடிவை மாற்றிச் சொல்லிவிட்டுத் தான் கட்டிக்கொண்டாள். அப்படித்தான் முடிவு கட்டினேன். அவள் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று கேட்டேன். அவள் வாய் திறக்கவில்லை. அன்றோடு பேச்சை அறுத்தேன். ஒரே தெருவில் இருபத்தோரு ஆண்டுகள், எதிரெதிரே நடந்து முகம் பார்க்காத இரண்டு பெண்கள்.

போன மாதம், மகளுக்குப் புத்தகம் எடுக்கப் போன தம்பி கோபிநாத்தின் நூலகத்தில், அலமாரிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். புத்தகங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் பேசினாள்.

“தில்லை, அவரு மேல ஆசப்பட்டு நான் மாத்தல. நீ சீமைக்குப் போயிட்டா நான் யாருக்குடி படிக்கிறது?”

எடுத்த புத்தகத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

முப்பது நாள் யோசித்தேன் பெரியோர்களே. முக்கோணக் காதல் என்கிறோமே, எனக்கு அமைந்த முக்கோணத்தில் மூன்றாவது ஆள் யார்? ராமலிங்கமா? பாவம், அவர் வீட்டில் முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருக்கிறார். நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு வழக்கில்லை. இரண்டு மாப்பிள்ளைகளில் யாரைக் கட்டினால் நல்லது என்று ஊரே கணக்குப் போட்டபோது, நான் போய்விட்டால் தனியாக நிற்கப் போகிறவள் ஒருத்தி இருந்தாள். அவளை யார் நினைத்தோம்? எழுதியவர் நினைத்தாரா? நான் நினைத்தேனா? கைக்குட்டை ஆட்டுகிற பாத்திரம் தனக்கென்று அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் அந்தத் தாளை அழுத்திப் பிடித்தாள்.

கடைசியில் ஆட்டியது யார்? அவள் பிரான்சுக்குப் புறப்பட்ட நாளில், பேருந்து கண்ணுக்கு மறையும்வரை முந்தானையை ஆட்டியவள் நான். அங்கே பதினைந்து ஆண்டுகள் யாருக்கும் ஒரு வரி படிக்காமல் இருந்தவள் அவள்.

பேராசிரியர் ஐயா, கதாநாயகனுக்கு அழகு தோளா? இல்லை. காரா? இல்லை. கோட்டா? இல்லவே இல்லை. யார் பேரைப் படிக்கும்போது படிக்கிறவளின் குரல் தழுதழுக்கிறதோ, அவன் கதாநாயகன். முகுந்தனை எழுதியவர் எழுதிவிட்டுக் கைவிட்டார். கைவிடாதவள் என் செல்வாம்பாள். அவள் குரலில் நனைந்தவரைத்தான் நான் கட்டிக்கொண்டேன். முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின. என்ன மாமா, நன்றாக இருந்தோமா? தலையாட்டுகிறார். அவர் பேசினால்தான் அதிசயம்.

தலைவர் மணியில் கை வைத்துவிட்டார். அம்மா, இன்னும் ஒரு நிமிடம். அந்த அறுபத்தொன்பதாம் ஆண்டு இதழை நான் எறியவில்லை. இதோ, என் பையில் இருக்கிறது. செல்வா, மேடைக்கு வாடி. தம்பிகளே, அவளுக்கு வழி விடுங்கள். ஒலிபெருக்கியை அவள் உயரத்துக்கு இறக்குங்கள்.

என்ன கேட்கிறாள் தெரிகிறதா? “அச்சுல இருக்கற முடிவப் படிக்கட்டுமா, நான் சொன்னதப் படிக்கட்டுமா?” என்கிறாள்.

இடம் தந்த நூலகத்தாருக்கும், பொறுமை தந்த தலைவருக்கும், மறுக்க இடம் தந்த பேராசிரியருக்கும், மடியில் குழந்தை தூங்கியபோதும் எழுந்து போகாத தாய்மார்களுக்கும் என் நன்றி. விட்டுப்போன வணக்கத்தை இப்போது செலுத்துகிறேன். செல்வாம்பாள், வணக்கம்.

நீ அன்னிக்குச் சொன்னதையே படிடி. பக்கத்த மட்டும் புரட்டிடாத.