கல்லுத் தோட்டமும் என் மீசையும்

பாருங்க, நல்லா கிட்ட வந்து பாருங்க! இதுக்குப் பேரு செடியா? தொட்டா கொழகொழன்னு கையோட வருது. நர்சரி நடத்துறீங்களா, இல்ல... வேணாம், என் வாயக் கிளறாதீங்க.

நீங்கதானே சொன்னீங்க? "நம்ம மண்ணுச் செடி சார், தரையோட தரையா படரும். தடிச்ச இலை, அதுக்குள்ளயே தண்ணி சேத்து வச்சுக்கும். கல்லு இடுக்குல நட்டுட்டு மறந்துடுங்க"ன்னு. மறக்கறதுக்கு எனக்குச் சொல்லியா தரணும்? கல்யாண நாளையே மறந்து வாங்கிக் கட்டிக்கிட்டவன் நான்! நம்ம மண்ணுச் செடின்னா நம்மள மாதிரி சொரணை கெட்டதா இருக்கும், எதையும் தாங்கும்னு நம்பித்தான வாங்குனேன்?

எல்லாம் என் சகலையால. பொண்டாட்டியோட தங்கச்சி புருஷன். அவன் வீட்ல மணிபிளான்ட்டு கூரையப் பிடிச்சிருச்சாம்... கூரை அவன் மாமனார் போட்டுக் குடுத்தது, அது வேற கதை. என் கல்லுத் தோட்டத்தப் பாத்துட்டு, குடும்பமே சாப்பிட்டுக்கிட்டிருக்கறப்ப சொல்றான்: "அண்ணே, உங்க தலையிலயே ஒண்ணும் மொளைக்கல, கல்லுல எங்க மொளைக்கப் போவுது?" என் பொண்டாட்டி சிரிச்சா பாருங்க... புரையேறிப் போச்சு அவளுக்கு! எனக்கு வந்துச்சே கோவம். "கல்லு தெரியாம படர வைக்கல, என் மீசைய எடுத்துடறேன்டா"ன்னுட்டேன். நீங்களே சொல்லுங்க, இந்த மூஞ்சில வேற என்ன மிச்சம் இருக்கு? மீசை ஒண்ணுதான் சொத்து! ஞாயித்துக்கெழம வர்றான், கத்திரிக்கோலோட.

என்ன... தண்ணியா? இந்தச் செடிக்கு ஒரு சொட்டு ஊத்தியிருந்தா என்னைச் செருப்பால அடிங்க! உரம்? கிட்டயே காட்டல. பேச்சுன்னா பேச்சு.

கல்லத்தான் கழுவுனேன்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? கல்லுத் தோட்டம்னா கல்லு பளபளன்னு இருக்க வேணாமா? தெனமும் காலையில வாளி வாளியா தண்ணி, சோப்புத்தூள், பிரஷ்ஷு... ஒவ்வொரு கல்லா தேச்சு, புள்ளையக் குளிப்பாட்டுற மாதிரி. செடி மேல ஒரு துளி தெறிக்கல! எல்லாம் அப்படியே கீழ ஓடி, கல்லு இடுக்குல...

இடுக்குல...

அட கடவுளே.

சார், சிரிக்காதீங்க சார். இப்ப எதுக்கு உள்ள போறீங்க? நில்லுங்க! ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. எடுத்த மீசை மறுபடி மொளைக்கும்ல? அதையாவது கழுவலாமா, கூடாதா?