பத்து நொடி, ஒரு மெழுகுவர்த்தி

“சித்தப்பா, ஒங்களுக்குக் கோவமே வராதா?” என்று ஜெபா ஏழு வயதில் என்னைக் கேட்டாள். அவள் என் அண்ணன் எட்வினின் மகள். வராது என்றேன். அந்தச் சொல்லைக் காப்பாற்றியே வாழ்ந்திருக்கிறேன், ஐயா.

தாராவியில் எங்களுக்குத் தோல் பெல்ட் பட்டறை. அதன் மேலறையில் அண்ணன் இரண்டு வருடமாகப் பக்கவாதத்தில் கிடந்தார். கஞ்சி ஊட்டுவதும் துடைத்துவிடுவதும் நான்தான். இப்படிச் சின்ன உதவிகளில்தான் கர்த்தர் இருக்கிறார் என்று நம்புகிறவன் நான்.

பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு மணிக்குச் சந்தே காலியாகிவிடும். மூன்று மணி வரை கோயிலில் மும்மணி ஆராதனை.

“அண்ணி, நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க. நான் பாத்துக்கிடுதேன்.”

இப்போது கல்லூரியில் படிக்கும் ஜெபா படியிலிருந்து திரும்பிச் சொன்னாள். வாலிபர் கூட்டத்தில் போட்டியாம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தன்னைத்தானே படம் எடுக்க வேண்டுமாம். “நீங்களும் எடுங்க சித்தப்பா. மூஞ்சில மனசு தெரியணும். ஆதார் கார்டுல முழிக்க மாதிரி முழிக்காதீங்க.”

மேலறைக்கு ஜன்னல் இல்லை. பகலிலும் இருட்டு. போனைப் பசை டப்பாவில் சாய்த்து வைத்தேன். மெழுகுவர்த்தி இடப்பக்கம், கண் உயரத்தில்; கீழே வைத்தால் பேய் முகம் வரும் என்பாள் ஜெபா. நிழல் கறுக்காமலிருக்க வலப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை. டைமர் பத்து நொடி.

எனக்குப் பயமாக இருந்தது. செய்யப்போவது இரக்கமா கோபமா என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது. இரக்கமென்றால் கர்த்தர் மன்னிப்பார். முகம் பொய் சொல்லாது. பொத்தானைத் தொட்டேன். அண்ணனும் பயந்தார், அந்தக் கண்களைப் பார்க்கப் பொறுக்காமல்தான் தலையணையால் சீக்கிரம் மூடினேன். படத்தில் என் கைகள் இல்லை. தோளுக்கு மேலேதான்.

நீங்களே பாருங்கள். இரக்கம்தானே?

அடக்கம் முடிந்து வந்த ஜெபா போனில் அந்தப் படத்தைப் பார்த்தாள். “ஏன் சித்தப்பா சிரிக்கீங்க?” என்றாள். பிறகு படம் எடுத்த நேரத்தைப் பார்த்தாள். மெல்லத் தள்ளி உட்கார்ந்தாள். சுடர் அசைந்தால் உதடு அப்படித் தெரியும் என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை.

சின்ன வயதில் பட்டறையில் ஆளில்லாத நேரம் பார்த்து, அண்ணன் என்னைத் தோல் கட்டுக்குள் தள்ளி, மேலே உட்கார்ந்து பத்து வரை எண்ணுவார். பத்து வந்ததும் எழுந்துவிடுவார். அதையெல்லாம் நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.

போன் பத்து வரை எண்ணியது. பதினொன்றிலிருந்து நான் எண்ணினேன்.