பாதி மண்ணுக்கு, பாதி போத்தலுக்கு

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பாடசாலை அதிபர் ஸலாஹுதீன் அவர்களே, மௌலவி அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, பிள்ளைகளின் உம்மா வாப்பாமாரே! எல்லோருக்கும் ஸலாமும் வணக்கமும்.

நான் ஹிஸ்புல்லா. முப்பது வருடமாகக் கற்பிட்டிப் பக்கம் சுன்னத் செய்யும் ஒஸ்தா. போன வெள்ளிக்கிழமை மாரடைப்பில் நம்மை விட்டுப்போன தோல் வைத்திய நிபுணர் டயனா அந்தோனிப்பிள்ளை அவர்களைப் பற்றிப் பேச எனக்கென்ன தகுதி? அவர் என் பிழையைத் திருத்தியவர். அந்தத் தகுதிதான்.

ஆண் பிள்ளைகளுக்கு முன்தோல் வெளுத்து, தடித்து, இறுகிப்போகும் ஒரு நோய் இருக்கிறது. சிறுநீர் கழிக்கப் பிள்ளை அழும். நாம் அதை ஊறல், அரிப்பு என்போம், அழுக்கு என்போம், வெட்கத்தில் மூடி மறைப்போம். பாலாவி உப்பளத்தில் வேலை செய்யும் ஜௌபரின் மகனுக்கு ஏழு வயதில் அதுதான் வந்தது. இங்கே சொல்லலாமா என்று ஜௌபரிடம் கேட்டேன். "சொல்லுங்க ஒஸ்தா, மறைச்சதாலதானே இவ்வளவும்" என்றார்.

டொக்டர் தன் கிளினிக்கில் பூச்சு மருந்து கொடுத்து, இரண்டு மாதம் பூசச் சொன்னார். சுன்னத் விருந்துக்கு நாள் குறித்தாயிற்று என்று மருந்தைப் பாதியில் நிறுத்தினார்கள். நானும் வெட்டினேன். வழக்கப்படி தோலை மண்ணில் புதைத்தேன். "இனி கிளினிக் தேவல்ல" என்றும் சொன்னேன். யாரைக் கேட்டுச் சொன்னேன்? எட்டு மாதத்தில் நோய் சிறுநீர்த் துவாரத்துக்கும் பரவி, சிறுநீர் நூலாக வந்து, ஒருநாள் அடைத்தே போனது. பெரியாஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு ஒழுங்கு செய்து பிள்ளையைக் காப்பாற்றியவர் டொக்டர்தான்.

பிறகு என் வீட்டுக்கே வந்தார். கதிரையை இழுத்துப் போட்டேன். கதிரையில் இருந்து பிளேன்டீயைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "வெட்டினது பிழையில்லை ஒஸ்தா. வெட்டினதோட முடிஞ்சுதெண்டு சொன்னதுதான் பிழை. இந்தத் தோல் வருத்தம் திரும்பவும் வரும். பாத்துக்கொண்டே இருக்கவேணும்."

சந்தேகமான தோலைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிச் சிறு போத்தல்கள் தந்தார்.

"புதைக்காம எப்படி டொக்டர்? சனம் ஒத்துக்காதே."

"அப்ப பாதி மண்ணுக்கு, பாதி போத்தலுக்கு."

நம் வழக்கத்தை அவர் ஏளனம் செய்தாரா? இல்லை! அதற்குப் பாதியை விட்டுத்தந்தார். அந்தப் போத்தல்களால் இன்னும் நான்கு பிள்ளைகளின் நோய் நேரத்தோடு தெரியவந்தது.

ஜௌபரின் மகனுடைய கிளினிக் அட்டையில் அடுத்த தேதி டொக்டரின் கையெழுத்தில் இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை. டொக்டர் இல்லையென்று வீட்டில் இருந்துவிடுவோமா? மாட்டோம்! யார் புதிதாக வந்தாலும் சரி, காலையில் அந்தப் பிள்ளையோடு வரிசையில் நான் நிற்பேன். கிளினிக் தேவையில்லை என்று சொன்ன இந்த வாய்தான் அன்றைக்கு நம்பர் கேட்கும்.