ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தவள்

எங்கள் கம்பெனிக் கழிவறையில் எந்த நாளும் சோப்பு தீர்ந்துபோனதில்லை. இதை உங்கள் விசாரணைத் தாளில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. குறை சொல்வதற்கென்றே வந்தவள் என்று என்னை நினைத்துவிடக் கூடாது.

பதினோரு வருடம் பூச்சு அறையில் நின்றேன். நின்றேன் என்றால் நின்றேன்தான். உட்கார அங்கே ஒரு முக்காலிகூடக் கிடையாது. கண்ணாடித் தகடு ஒரு பக்கம் உள்ளே போகும், தலைமுடியைவிட மெல்லிய படலத்தைப் பூசிக்கொண்டு மறுபக்கம் வெளியே வரும். அதுதான் பிறகு சோலார் பேனல் ஆகிறது. அந்தப் பூச்சில் காட்மியம் என்றொரு உலோகம். பேனலுக்குள் அடைபட்டுவிட்டால் பரம சாது. இயந்திரத்தின் உள்சுவரில் தூளாகப் படிந்திருக்கும்போதுதான் குணத்தைக் காட்டும். சுரண்டி எடுக்கிறவர்களின் மூச்சில் ஏறி, சிறுநீரகத்தில் குடியேறி, எலும்பையும் மெலியவைத்து, காலி செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துவிடும்.

அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை. அடுத்தடுத்து இரண்டு தடவை அளவு கூடினால் பூச்சு அறையிலிருந்து எடுத்துச் சோதனை அறையில் போடுவார்கள். சம்பளம் அதேதான். ஜன்னல் உண்டு, முகமூடி கிடையாது, முதுகு சாய்கிற நாற்காலி. நகர்ந்து வருகிற பேனலில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

அந்த நாற்காலியை நான் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் சூப்பர்வைசர் என் ரிப்போர்ட்டைத் தட்டிக் காட்டினார்.

"உங்களுக்கு என்னம்மா குறை? கல்லு மாதிரி இருக்கீங்க. சந்தோஷப்படுங்க."

ஒழுங்காக முகமூடி போட்டதற்கும் நகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதற்கும் எனக்குக் கிடைத்தது கால்வலி. முகமூடியை மோவாயில் தொங்கவிட்டுத் திரிந்த சோம்பேறிகள் ஒவ்வொருவராக ஜன்னலோரம் போய்ச் சேர்ந்தார்கள். இதில் என்ன நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள்.

எதிர்வீட்டுக்காரியைப் பற்றிக் கேட்டீர்கள். நல்லவள். கம்பெனியில் சேர்த்துவிட்டதே நான்தான். அவள் வீட்டு அலமாரியில் எந்தத் தட்டில் எது இருக்கும் என்று அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அவள் புருஷன் முடிக்குச் சாயம் பூசுவதைக்கூட அவளுக்கு முன்பே நான் கண்டுபிடித்துவிட்டேன். அவளுக்கோ கிட்டத்தில் இருப்பது தெரியாது. கண்ணாடி போட்டால் கிழவி மாதிரி இருக்குமாம், போட மாட்டாள்.

பரிசோதனை நாளில் நர்ஸம்மா ஆளுக்கொரு கோப்பையும் எண் அச்சிட்ட ஸ்டிக்கரும் தருவார். நாமே ஒட்டித் தட்டில் வைத்துவிட வேண்டும். "எந்தப் பக்கம் மேலன்னே தெரியல, நீங்களே ஒட்டிடுங்கக்கா" என்று எதிர்வீட்டுக்காரி இரண்டையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். நான் எதையும் பிடுங்கவில்லை.

ஒருநாள் நர்ஸம்மா போனில் மருமகளை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். மேசைமேல் ரிப்போர்ட். தலைகீழாக இருந்தாலும் நான் படித்துவிடுவேன். எதிர்வீட்டுக்காரியின் அளவு கோட்டைத் தாண்டியிருந்தது. முதல் தடவை என்பதால் அவளிடம் யாரும் சொல்லவில்லை. அடுத்த தடவையும் தாண்டினால் நாற்காலி அவளுக்கு. அவள் சேர்ந்து நாலே வருடம்.

அடுத்த பரிசோதனையில் அவளுடைய ஸ்டிக்கரை என் கோப்பையிலும் என்னுடையதை அவள் கோப்பையிலும் ஒட்டினேன். அவளுடைய பழைய அளவை ஆய்வகத்தின் தவறு என்று தள்ளிவிட்டார்கள். அடுத்தடுத்து இரண்டு ரிப்போர்ட்டில் என் பெயரில் அளவு கூடியது. நான் ஜன்னலோரம் போனேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. எப்படி நிறுத்துவது? அளவு இறங்கினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூன்று வருடம் ஒட்ட வேண்டியதாயிற்று.

அவளுடைய சுத்தமான ரிப்போர்ட்டைப் பார்த்துச் சூப்பர்வைசர் அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார். முகமூடி அணிவது எப்படி என்ற போஸ்டரில் அவள் போட்டோதான். உடம்பு தாங்குகிறதே என்று உள்சுவர் சுரண்டும் வேலை முழுவதையும் அவளுக்கே கொடுத்தார். அவளோ எனக்காக உருகினாள். சிறுநீரகத்துக்கு ஆகாதென்று உப்பில்லாமல் சமைத்துத் தினமும் ஒரு டப்பா கொண்டுவந்தாள். வாயில் வைக்க முடியாது. மறுத்தால் சந்தேகம் வருமே என்று சாப்பிட்டேன். அந்தக் கஷ்டத்தை யாரிடம் சொல்ல?

இரண்டாம் வருடம் அவள் நடை மாறியது. வாத்து மாதிரி இடுப்பை ஆட்டி ஆட்டி வந்தாள்.

"என்னடி நடை இது?"

"வயசாகுதுல்லக்கா. ரிப்போர்ட்தான் சுத்தமா இருக்கே, அப்புறம் என்ன பயம்?"

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அன்றுதான் என் நாற்காலிக்குப் புது மெத்தை போட்டிருந்தார்கள்.

போன மாதம் படி இறங்கும்போது அவள் தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தால் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கம்பெனி அவள் ரிப்போர்ட்களை எடுத்து நீட்டியது. எங்கள் வேலையால் வந்த நோயில்லை, வைத்தியம் எங்கள் பொறுப்பில்லை என்றது. அவள் புருஷன் வீட்டை விற்க ஆள் தேடுகிறான். முடிச் சாயத்தையும் விட்டுவிட்டான், பாவம்.

இந்த முறை பரிசோதனைக்கு அவள் இல்லை. என் கோப்பையில் என் ஸ்டிக்கரையே ஒட்ட வேண்டியதாகிவிட்டது. அளவு ஒரேயடியாக இறங்கியது, நீங்களும் வந்துவிட்டீர்கள். மூன்று வருடம் ஏறிக்கிடந்த காட்மியம் மூன்று மாதத்தில் மாயமாகாது என்று எனக்கும் தெரியும். அதற்காக வேறு யாரிடம் போய்க் கோப்பை கேட்பது?

ஆமாம் ஐயா, பன்னிரண்டு தடவையும் நான்தான் மாற்றி ஒட்டினேன். அவளுடையது என்று கம்பெனி நீட்டுகிற ரிப்போர்ட் பன்னிரண்டும் என்னுடையவை. என் பெயரில் உள்ள விஷம் முழுக்க அவளுடையது. எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இனி அவள் வைத்தியத்தைக் கம்பெனி பார்த்துக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும் பாக்கி. நேற்றுகூடப் புருஷனிடம் சொல்லியனுப்பியிருக்கிறாள்: "அக்காவ இப்ப யாரு பாத்துக்கறாங்கன்னு கேட்டுட்டு வாங்க." இதையெல்லாம் நீங்களே போய் அவளிடம் சொல்லிவிடுங்கள். அடுத்தவர் உடம்பைப் பற்றி அங்கே இங்கே பேசுகிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.